பெரணிக் கருவை அகார் தட்டில் வளர்ப்பது எப்படி

பெரணியின் கரு உருவாவதைத் தன் கண்ணால் பார்க்க விரும்புவோருக்கு மிகவும் ஏற்ற இனம் செரடாப்டெரிஸ் ரிச்சார்டி. அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழகத்தில் லெஸ்லி ஹிக்கோக் ஆய்வுக்கும் வகுப்பறைக்கும் பொருந்தும்படி உருவாக்கிய இதன் வகை 'சி-ஃபெர்ன்' என்ற பெயரில் பரவியது. நம் வயல் வாய்க்கால்களில் தானாக வளரும் செரடாப்டெரிஸ் தாலிக்ட்ராய்டிஸ் இதற்கு நெருங்கிய உறவு. பல பெரணிகள் மாதக்கணக்கில் காக்க வைக்கும். இதிலோ ஸ்போரை (விதைபோல் பரவும் நுண்ணிய வித்து) தூவிய இரண்டு வாரத்தில் கருவுறுதலைக் காணலாம்.

ஸ்போர்களின் மேல் ஒட்டியிருக்கும் பூஞ்சையை அகற்றாமல் தொடங்கினால் தட்டு முழுவதும் வீணாகிவிடும். ஆகவே, ஏறக்குறைய 1 சதவீதமாக நீர்த்த சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலில் அவற்றை நான்கைந்து நிமிடங்கள் வைத்து, தூய்மையான நீரால் இரண்டு மூன்று முறை கழுவ வேண்டும். இந்த ஸ்போர்கள் முளைக்க ஒளி தேவை என்பதால், கழுவியவற்றை நீரிலேயே மூன்று முதல் ஏழு நாட்கள் வரை இருட்டில் ஊறவிட்டுப் பின் தூவினால், அனைத்தும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் முளைக்கும். கருவின் வயதைக் கணக்கிட விரும்புவோர் இந்த இருட்டு நாட்களைச் சுருக்கக் கூடாது.

கனிம உப்புகள் மட்டும் கொண்ட ஊடகத்தை 6.0 பி.எச். அளவுக்குச் சரிசெய்து, 1 சதவீதம் அகார் (கடற்பாசியிலிருந்து எடுக்கும் கூழ்ப்பொருள்) சேர்த்து, 121 டிகிரியில் ஆட்டோகிளேவ் செய்து (அழுத்த நீராவியால் கிருமி நீக்கி) தட்டுகளில் ஊற்றவும். திசு வளர்ப்பில் பழகிய கை இங்கே தன்னையறியாமல் சர்க்கரையைச் சேர்த்துவிடும். அது பெரிய பிழை. சர்க்கரை மிகுந்த ஊடகத்தில் புரோதாலஸ் (ஸ்போர் முளைத்து உண்டாகும் சிறு பச்சைத் தகடு) கருவுறாமலேயே, வெறும் உடல் செல்களிலிருந்து, இலையும் வேரும் கொண்ட செடியைத் தோற்றுவிக்கக் கூடும். அபோகமி எனப்படும் இந்த வழியில் வந்த செடியைக் கருவிலிருந்து வந்ததாக எண்ணிக் குறித்துக்கொண்டால், ஆய்வின் முடிவே தடம் மாறிவிடும்.

தூவிய தட்டுகளை 28 டிகிரி வெப்பத்தில், இடைவிடாத வெள்ளொளியில் வைக்கவும். சுமார் 12 முதல் 14 நாட்களில் இரு வகைப் புரோதாலஸ்கள் முதிர்ந்திருக்கும். ஒரு பக்கம் பள்ளம் விழுந்து, அதன் அருகே ஆர்க்கிகோனியங்களை (முட்டையைக் கொண்ட பெண் உறுப்புகள்) தாங்கி நிற்பவை இருபாலினமானவை. பள்ளமின்றிச் சிறுத்து, ஆந்தரிடியங்கள் (விந்தணுக்களை உண்டாக்கும் ஆண் உறுப்புகள்) நிறைந்திருப்பவை ஆண். முதலில் வளரும் இருபாலினப் புரோதாலஸ்கள் சுரக்கும் ஆந்தரிடியோஜன் என்னும் பொருளே பின்வருபவற்றை ஆணாக மாற்றுகிறது. ஆகையால் ஒரே தட்டில் நெருக்கமாகத் தூவினால் ஆண்கள் பெருகும். தனியே வளரும் ஸ்போர் இருபாலினமாகும்.

இந்த முறையின் உயிர்நாடி நீர்தான். விந்தணுக்கள் நீந்தியே முட்டையை அடைய வேண்டும் என்பதால், தட்டில் நீர் தேங்காதவரை கருவுறுதல் பெரும்பாலும் நிகழாது. மூடியில் திரளும் நீர்த்துளி விழுந்தாலே கணக்கு குலையும். அதைக் கவனித்து அகற்றுங்கள். குறித்த நாளில் தூய்மையான நீரை மெல்ல ஊற்றி, முப்பரிமாண நுண்ணோக்கியில் பார்த்தால், ஆர்க்கிகோனியத்தின் வாயை விந்தணுக்கள் மொய்ப்பது சில நிமிடங்களில் தெரியும். கருவின் வயது இந்த மணியிலிருந்துதான் தொடங்குகிறது. ஓர் இருபாலினப் புரோதாலஸ் தன்னைத்தானே கருவுறச் செய்துகொண்டால், அதன் சந்ததி எல்லா மரபணுக்களிலும் ஒத்த இணைகளையே கொண்டிருக்கும். மரபியலாளர் இதை நாடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கருமுட்டையின் முதல் சுவர் ஆர்க்கிகோனியத்தின் நீளப்போக்கிற்கு இணையாக விழுகிறது. அடுத்த பிரிவில் நான்கு கால்பகுதிகள் தோன்றுகின்றன. ஆர்க்கிகோனியத்தின் வாயை நோக்கிய வெளிப்புறத்தில் இலையும் வேரும், உட்புறத்தில் தண்டு நுனியும் பாதமும் உருவாகின்றன. பாதம் புரோதாலஸின் திசுவில் பதிந்து உணவை உறிஞ்சும். கருவுக்குத் தனியே எதையும் ஊட்ட வேண்டியதில்லை. தாய்ப் புரோதாலஸ் பச்சையாகவும் ஈரமாகவும் இருந்தால் போதும். சுற்றியுள்ள செல்கள் பெருகிக் கருவைச் சிறிது காலம் உறைபோல் மூடியிருக்கும். பின் அதைக் கிழித்துக்கொண்டு முதல் இலை வெளியேறும். நீர் ஊற்றி ஏழு முதல் பத்து நாட்களில் அந்த இலை கண்ணுக்குத் தெரியும். பொதுவாக ஒரு புரோதாலஸ் ஒரே ஒரு செடியைத்தான் வளர்த்தெடுக்கும்.

கருவைப் பிரித்தெடுத்துத் தனியாக வளர்க்க ஆசை எழுவது இயல்பே. தாவரவியலாளர்கள் டெமாஜியோவும் வெட்மோரும் 1961ல் டோடியா பார்பரா பெரணியில் இதைச் செய்தபோது, மிக இளம் நிலையில் பிரித்த கருக்கள் செடியாக உருப்பெறாமல் புரோதாலஸைப் போலத் தட்டையாக வளர்ந்தன. சூழ்ந்திருக்கும் திசு கருவுக்கு வடிவத்தையும் தருகிறது போலும். எனவே புதிதாகத் தொடங்குபவர், உறுப்புகள் தெளிவாகப் பிரிந்த பிறகே கருவைத் தொடுவது நல்லது.

இரண்டு மூன்று இலைகளும் வேரும் வந்ததும், புரோதாலஸோடு சேர்த்தே செடியை எடுத்து ஈர மண்ணில் நட்டு, முதல் சில நாட்கள் கண்ணாடி மூடியின் கீழ் வைத்துப் பின் சிறிது சிறிதாகத் திறந்துவிடுங்கள்.