எக்ஸ்ஆர்டி, எஃப்டிஐஆர் எடுக்கப் போகும் புது ஸ்காலர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அட்மிஷன் முடிந்து லேபுக்குள் புது முகங்கள் வந்ததும், நாங்கள் அந்தக் காலத்தில் அடித்த அதே கூத்தை வரிசை மாறாமல் அடிக்கிறார்கள். சாம்பிள் குப்பியில் பெயர் ஒட்டாதது, பேக்கப் எடுக்காதது எல்லாம் ஒருமுறை பட்டால் சரியாகிவிடும். பட்டும் திருந்தாதவற்றை மட்டும் சொல்கிறேன்.

ஷெரர் சூத்திரத்தில் கண்ணை மூடிக்கொண்டு எண்ணைப் போடுவது

எனக்கு இன்றும் எரிச்சல் வருவது இதில்தான். துளசி, வேப்பிலை என்று ஏதோ ஓர் இலைச்சாற்றில் வெள்ளி நானோ துகள் செய்வார்கள். எக்ஸ்ஆர்டியில், அதாவது எக்ஸ் கதிரைப் பாய்ச்சிப் படிகத்தைப் பார்க்கும் சோதனையில், 38.1 டிகிரியில் பீக் வரும். அரை உயரத்தில் அகலம் 0.20 டிகிரி. பீக்கின் அகலத்திலிருந்து படிகத்தின் அளவைக் கணக்கிட பால் ஷெரர் 1918-இல் தந்த சூத்திரத்தில் போட்டு, ‘42.02 நானோமீட்டர்’ என்று ஸ்லைடில் தடித்த எழுத்தில் போட்டுவிடுவார்கள்.

டிகிரியை ரேடியனாக மாற்ற மறந்தவருக்கு 0.73 வரும். வெள்ளிப் படிகத்தின் ஓர் அலகுக் கூடே 0.409 நானோமீட்டர், இரண்டு கூடுகூடத் தேறாத துகளுக்கு இவ்வளவு கூர்மையான பீக் எப்படி வரும்? இதையாவது வைவாவுக்கு முன் யாராவது பிடித்துவிடுவார்கள்.

பிடிபடாமல் போவது கருவியின் அகலம். எந்தக் குறையும் இல்லாத பெரிய படிகத்தை வைத்தாலும் கருவி ஓர் அகலத்தைக் காட்டும். அது 0.12 டிகிரி என்று வையுங்கள். பீக் காஸியன் வடிவம் என்று எடுத்து வர்க்கத்தில் கழித்தால் மிச்சம் 0.16, அளவு சுமார் 53. லாரன்ஸியன் என்ற இன்னொரு வடிவமாக எடுத்து நேராகக் கழித்தால் 0.08, அளவு 105. ஒரே ஸ்கேன், மூன்று விடை. இதில் தசமத்துக்குப் பின் இரண்டு இலக்கம் வேறு! படிகத்துக்குள் இருக்கும் திரிபும் பீக்கை அகலமாக்கும். அதை நான் இங்கே சேர்க்கவே இல்லை.

“கருவி அகலம் கழிச்சியாம்மா?” என்று ஒரு பெண்ணிடம் கேட்டேன்.

“கழிக்கணுமா சார்?”

தீசிஸ் கொடுக்கும் நேரம். கருவி அகலத்தை அளக்க வைக்கும் சிலிக்கான் ஸ்டாண்டர்டு ஒன்றை, ஸ்கேன் எடுத்த அன்றே ஓட்டியிருந்தால் போதும். இப்போது ஓட்டலாம் என்றால், இடையில் ஸ்லிட்டை மாற்றிக் கருவியை மறுபடி அலைன் செய்துவிட்டார்கள். பழைய அகலம் இனிக் கிடைக்காது. சாம்பிளும் குப்பியிலேயே கட்டி தட்டிப் போயிருந்தது. அத்தனையும் புதிதாகச் செய்து, மறுபடி ஸ்லாட் வாங்கி, மறுபடி பணம் கட்டினாள். உங்கள் சாம்பிள் உள்ளே போகும் அதே நாளில் ஸ்டாண்டர்டும் போகட்டும்.

ஐப்பசி, கார்த்திகையில் கேபிஆர் வில்லை

எங்கள் புதுச்சேரி காலாப்பட்டில் கடல் கூப்பிடு தூரம். அடைமழை நேரத்தில், சாம்பிளைக் கலந்து வில்லையாக அழுத்தும் கேபிஆர், அதாவது பொட்டாசியம் புரோமைடு, காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். அகச்சிவப்புக் கதிரை எது உறிஞ்சுகிறது என்று காட்டும் எஃப்டிஐஆரில் 3400 பக்கம் ஒரு பெரிய பள்ளம், 1630-இல் ஒரு சின்னப் பள்ளம். “மூலிகையின் ஹைட்ராக்சில் தொகுதி சார்” என்பார்கள். புதுச்சேரி மழைத்தண்ணியப்பா அது. பொடியை ஓவனில் 110 டிகிரியில் காயவைத்து, டெசிகேட்டரில் ஆறவைத்து, சாம்பிள் கலக்காத வெறும் வில்லையை முதலில் ஓட்டிப் பாருங்கள்.

ஸ்மூத்திங்

கோட்டின் இரைச்சலை மழுப்புவதானால் நகலில் செய்யுங்கள், அசல் ஃபைலைத் தொடாதீர்கள்.

ஐந்து புள்ளிக்கு ஆர் ஸ்கொயர் 0.99

புள்ளிகள் கோட்டோடு எவ்வளவு ஒட்டுகின்றன என்று சொல்லும் எண் அது. ஐந்தே புள்ளி என்றால் பெருமைப்பட ஒன்றுமில்லை.

ஆபரேட்டரிடம் கேட்காமல் வருவது

ஸ்டெப் அளவு, ஸ்லிட், குழாயின் வோல்டேஜ், கரண்ட். கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள், அவர் டீக்குக் கிளம்புவதற்கு முன்.