ஆட்டக்காரரின் திறனுக்கேற்ப விளையாட்டின் கடினத்தை மாற்றியமைப்பது எப்படி?

எளிது, நடுத்தரம், கடினம் என்ற மூன்று பொத்தான்களைத் தொடக்கத்திலேயே நீட்டினால், விளையாட்டை இன்னும் தொட்டே பார்க்காத ஒருவர் தம் திறனைத் தாமே ஊகித்துச் சொல்ல வேண்டியதாகிறது. அதைவிட, அவர் ஆடும் விதத்தை நிரலே கவனித்துத் தன்னைத் திருத்திக்கொள்வது நல்லது. 2005இல் வெளிவந்த ரெசிடென்ட் ஈவில் 4 என்ற வீடியோ விளையாட்டு இதைத்தான் திரைமறைவில் செய்தது.

முதலில் எதை அளப்பது என்று முடிவு செய்யுங்கள். துப்பாக்கிச் சண்டை விளையாட்டு என்றால், ஒரே இடத்தில் எத்தனை முறை தோற்றார், எத்தனை குண்டுகள் குறி தப்பின, கட்டத்தை முடித்தபோது எவ்வளவு உயிர்ப்பலம் மிஞ்சியது ஆகிய மூன்றே போதும். தொலைபேசி ஒலித்ததால்கூட ஒருவர் தோற்றிருக்கலாம் என்பதால், கடைசிச் சில முயற்சிகளின் சராசரியையே கணக்கில் கொள்ளுங்கள்.

எதை மாற்றுவது என்பதுதான் சிக்கலான பகுதி. மூன்று குண்டுகளில் வீழ்ந்த எதிரி திடீரென ஐந்து குண்டுகளைத் தாங்கினால் ஆட்டக்காரர் உடனே கண்டுபிடித்துவிடுவார்; ஏமாற்றப்பட்டதாகவும் உணர்வார். மாறாக, எதிரி சுடுவதற்கு முன் தயங்கும் நேரத்தை 0.4 நொடியிலிருந்து 0.5 நொடியாக்குவதோ, பெட்டிகளில் மருந்து கிடைக்கும் வாய்ப்பைச் சற்றே கூட்டுவதோ எளிதில் கண்ணில் படுவதில்லை. இவற்றைச் சண்டையின் நடுவே புகுத்தாமல், சேமிப்புப் புள்ளிகளில் (ஆட்டத்தின் நிலை பதிவாகும் இடங்களில்) சிறு படிகளாகச் செய்து, மேலும் கீழும் எல்லை வகுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் வேண்டுமென்றே செத்துச் செத்து விளையாட்டை இளக்கிக்கொள்ளும் கெட்டிக்காரர்கள் வந்துவிடுவார்கள் (அவர்கள் வராத விளையாட்டே இல்லை).

தானியங்கி முறையை விரும்பாதவர்கள் அதை அணைத்துவிடும் வசதியும் அமைப்புகளில் இருக்கட்டும். 2018இல் வந்த செலஸ்ட் விளையாட்டில், ஆட்டத்தின் வேகத்தைக் குறைக்கும் உதவி முறையை ஆட்டக்காரரே தேர்ந்துகொள்ளலாம்.