லண்டனில் ஏறினால் சென்னையில் எத்தனை மணிக்கு இறங்கலாம்? நாமே கணக்குப் போடுவோம்

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் நேர்கோட்டில் 16 கி.மீ.தான் இருக்கும். மலைப்பாதையில் 33 கி.மீ. தூரம் வேறு, போய்ச் சேரும் நேரம் வேறு என்பது நம் மலைக்காரர்களுக்குப் புதிதில்லை. விமானத்திலும் அப்படித்தான்.

முதலில் தூரம். கிரேட் சர்க்கிள் மேப்பர் தளத்தில் இரண்டு நிலையங்களின் குறியீட்டையும் இடையில் ஒரு கோடு போட்டுத் தட்டுங்கள்: லண்டன் ஹீத்ரோவுக்கு எல்.எச்.ஆர்., சென்னைக்கு எம்.ஏ.ஏ. சுமார் 8,230 கி.மீ. வரும். முதலில் மைல் கணக்கில் காட்டும், கிலோமீட்டருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கடல் மைல் என்பது தனி, அது 1.852 கி.மீ.

வீட்டில் குழந்தைகள் இருந்தால் இணையத்தைவிட உலக உருண்டையும் நூலும்தான் எனக்குப் பிடித்த வழி. எங்கள் உருண்டையின் குறுக்களவு 30 செ.மீ. சென்னையையும் லண்டனையும் தொட்டு நூலை இறுக்கிப் பிடித்தால் 19 செ.மீ. சொச்சம். ஒரு செ.மீ. 425 கி.மீ. என்று பெருக்கினால் விடை கிட்டத்தட்ட அதேதான். தட்டையான வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளக்கவே வேண்டாம், தவறாகத்தான் வரும்.

அடுத்தது பறக்கும் நேரம். விமானத்தின் வேகம் மணிக்கு 850 கி.மீ. என்று வைத்து, தூரத்தை அதனால் வகுத்து, ஏற இறங்க அரை மணி சேருங்கள். 10 மணி நேரத்துக்குச் சற்று மேல் வரும். திரும்பிப் போகும்போது இன்னும் கூடும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு மலை ரயில் ஏற 5 மணி நேரம் ஆகிறது, இறங்க மூன்றரை மணி போதும். பாதை அதே 46 கி.மீ.தான். விமானத்துக்கு மேடு பள்ளம் இல்லை, காற்றுதான். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் காற்று இந்தியா வரும்போது தள்ளிவிடும், போகும்போது எதிர்க்கும்.

இனி, நான் தடுக்கி விழுந்த இடம். ஒரு ஏப்ரலில் அக்கா லண்டனிலிருந்து வந்தாள். பகல் 1 மணிக்குப் புறப்பாடு, 10 மணி நேரப் பயணம். வழக்கம்போல ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டினேன். அங்கே பகல் 1 என்றால் இங்கே மாலை 6.30, அதோடு 10 சேர்த்தால் விடிகாலை 4.30. பெட்டி எடுத்து வெளியே வர ஒரு மணி நேரம் என்று ஐந்தரைக்குச் சென்னை விமான நிலையத்தில் போய் நின்றேன். அதற்கு ஒரு மணி நேரம் முன்பே அக்கா வெளியே வந்துவிட்டாள். தள்ளுவண்டியில் பெட்டிகளின் மேல் குழந்தை தூங்க, ஒரு கையால் பிடித்தபடி நின்றிருந்தாள். அந்தக் கோலம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

காரணம் இதுதான். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை பிரிட்டனில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் வைத்துவிடுவார்கள். அப்போது நமக்கும் அவர்களுக்கும் வித்தியாசம் நாலரை மணிதான். ஆகவே மனக்கணக்கை நம்பாமல் போனின் உலகக் கடிகாரத்தில் பயணத் தேதிக்கு முந்தின நாள் ஒருமுறை பாருங்கள். புறப்படும் நேரத்தை முதலில் இந்திய நேரமாக்கிவிட்டு, அப்புறம் பயண நேரத்தைக் கூட்டுங்கள். நள்ளிரவைத் தாண்டினால் தேதியும் மாறும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

சேர்க்கை: துபாயில் மாறிப் போனால் எப்படி என்று குன்னூர்த் தோழி கேட்டார். இரண்டு பயணங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் இந்திய நேரத்திலேயே எழுதுங்கள். துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால், ஆண்டு முழுவதும் மாறாது. நடுவில் காத்திருக்கும் நேரத்தைத் தனி வரியில் போடுங்கள். தோழி அதை விட்டுவிட்டதால்தான் அவர் கணக்கில் மூன்று மணி நேரம் குறைந்தது.