ஆர்சனிக் கலந்த மண் வாய்க்குள் போகிறதா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

ஆர்சனிக் என்ற நஞ்சின் பேரைக் கேட்டதும் எல்லோரும் அது கலந்த தண்ணீரைத்தான் நினைக்கிறோம். மண்ணை யார் தின்னப் போகிறார்கள் என்று விட்டுவிடுகிறோம், முதல் தவறே அதுதான். தவழும் குழந்தை தரையைத் தொட்ட கையை அப்படியே வாயில் வைக்கும், கீழே விழுந்த பொம்மையைச் சப்பும், அப்படியே தினமும் கொஞ்சம் மண்ணும் தூசியும் உள்ளே போய்க்கொண்டிருக்கும். மண் தின்னும் பழக்கமே இருந்தால் ஒரு நாளில் 1 கிராமைக்கூடத் தாண்டலாம்.

1 கிராம்தானே? சரி, கணக்குப் போட்டுப் பாருங்கள். கிலோவுக்கு 100 மில்லிகிராம் ஆர்சனிக் உள்ள மண் என்றால், 1 கிராமில் 100 மைக்ரோகிராம் இருக்கும். குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். வரம்பைத் தொட்டு நிற்கும் தண்ணீர் 10 லிட்டரில் எவ்வளவு இருக்குமோ அவ்வளவும் ஒரு சின்ன வயிற்றுக்குள் போகிறது. மண்ணோடு ஒட்டியிருப்பதால் அத்தனையும் ரத்தத்தில் சேராது என்பது உண்மை, ஆனால் எவ்வளவு சேரும் என்பது மண்ணுக்கு மண் மாறும்.

பார்த்தோ முகர்ந்தோ கண்டுபிடிக்கலாம் என்று நம்பாதீர்கள். பழைய சுரங்கம், உலோகம் உருக்கிய இடம், ஒரு காலத்தில் ஈய ஆர்சனேட் என்ற ஆர்சனிக் கலந்த பூச்சிமருந்து தெளித்த பழத்தோட்டம் இங்கெல்லாம் மண் சாதாரணமாகத்தான் தெரியும். பல வருஷம் ஆகிவிட்டதே என்றும் நினைக்க வேண்டாம், ஆர்சனிக் ஒரு தனிமம், மட்கிப் போகாது. மண்ணைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புவதுதான் வழி.

சானிடைசர் தடவிவிட்டோம், போதும் என்பது இன்னொரு தவறு. அது கிருமியைக் கொல்லும், மண்ணை அகற்றாது. சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும். வீட்டுக்குள் வந்த தூசியை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

உடம்புக்கு ஒன்றும் செய்யவில்லையே என்று காத்திருப்பதுதான் எனக்கு அதிகம் கவலை தருவது. நிறைய உள்ளே போனால் வாந்தி, வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு என்று உடனே தெரிந்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாகப் போனால் பல வருஷம் சத்தமே இருக்காது, அப்புறம்தான் தோலில் கறுத்த புள்ளிகள், உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் சொரசொரப்பான தடிப்புகள், சிலருக்குத் தோல், சிறுநீர்ப்பை, நுரையீரல் புற்றுநோய் வரை போகும்.

குழந்தை இப்படிப்பட்ட மண்ணை விழுங்கிவிட்டால் விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள், மருத்துவரிடம் காட்டுங்கள். ரத்தத்தில் ஆர்சனிக் சில மணி நேரமே தங்கும், அதனால் சிறுநீர்ப் பரிசோதனைதான் பயன்படும், அதுவும் சில நாட்களுக்குள். மீன், இறால் சாப்பிட்டிருந்தால் கட்டாயம் சொல்லுங்கள், அவற்றில் உள்ள தீங்கில்லாத வகை ஆர்சனிக்கும் சேர்ந்து அளவைக் கூட்டிக் காட்டிவிடும். நஞ்சை முறிக்கிறேன் என்று கிடைத்த மருந்தையெல்லாம் கொடுக்காதீர்கள்.

மண் தின்கிற பிள்ளையை அடிப்பதும் தவறுதான். இரும்புச்சத்துக் குறைவோடு இந்தப் பழக்கம் பலமுறை சேர்ந்தே வரும், கர்ப்பிணிகளுக்கும் அப்படித்தான். திட்டுவதற்கு முன்னால் ரத்தத்தில் இரும்புச்சத்து எவ்வளவு என்று பார்த்துவிடுங்கள்.