பூவரசு: போத்து நடுவதிலிருந்து பத்துப் போடுவது வரை

சின்ன வயதில் இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதினோமே, அந்த மரம்தான். ஆங்கிலத்தில் அதற்குள்ள ‘போர்ஷியா’ என்ற பெயரே நம் பூவரசிலிருந்து போனதுதான். வெயில், உப்புக்காற்று எல்லாம் தாங்கும். தெருவுக்கு ஒன்றாவது நிற்க வேண்டும் என்பது என் ஆசை.

1. மரத்தை அடையாளம் காணுங்கள்

இலை அரசிலை மாதிரி இருக்கும், ஆனால் நுனியில் அந்த நீள வால் இருக்காது. பூ காலையில் மஞ்சள், நடுவில் கருஞ்சிவப்பு. பொழுது சாயச் சாய மஞ்சள் மாறிச் சிவந்துவிடும். காய் பம்பரம் போல உருண்டையாக இருக்கும்.

2. போத்து வெட்டி நடுங்கள்

மழை தொடங்கும் சமயம் சரியாக இருக்கும். மணிக்கட்டுப் பருமனில், ஐந்தாறு அடி நீளத்தில், முற்றிய கிளையாகப் பாருங்கள், நடுவதற்கு வெட்டும் அந்தக் கிளைதான் போத்து. அடிப்பக்கத்தைச் சாய்வாக வெட்டி, ஒன்றரை அடி ஆழக் குழியில் நட்டு, மண்ணை நன்றாக மிதித்து இறுக்குங்கள். மேல் நுனியில் ஒரு உருண்டைச் சாணியை அப்பிவிடுங்கள், வெட்டுவாய் காயாது. வீட்டுச் சுவரிலிருந்து பத்துப் பன்னிரண்டு அடியாவது தள்ளி நடுங்கள்.

புதிதாக நடுபவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. தளிர் வந்ததும் பிடித்துவிட்டது என்று நினைத்துத் தண்ணீரை நிறுத்திவிடுவார்கள். போத்து தனக்குள் இருக்கும் சத்தை வைத்தே முதல் தளிரை விடும், வேர் அதற்கு அப்புறம்தான் வரும். அதனால் ஆட்டிப் பார்க்காதீர்கள், ஈரம் காயவிடாதீர்கள். ஆடு மாடுகளுக்கு இந்த இலை ரொம்பப் பிடிக்கும், சுற்றி முள் கட்டிவிடுங்கள். பலகைக்காக வளர்ப்பவர்கள் விதை போடுவது நல்லது, மரம் நேராக வரும்.

3. இலைக் கட்டு

மூட்டு வீக்கத்துக்குக் கிராமங்களில் செய்வது இது. நாலைந்து இலைகளைக் கழுவித் துடைத்து, விளக்கெண்ணெய் தடவி, தோசைக்கல்லில் துவளும்வரை வாட்டுங்கள். சூட்டைப் புறங்கையில் வைத்துப் பார்த்து, பொறுக்கிற பதம் வந்ததும் வீங்கிய இடத்தில் வைத்து, பருத்தித் துணியால் தளர்வாகக் கட்டுங்கள். காய்ச்சலோடு மூட்டு சிவந்து வீங்கினால் கட்டுப் போட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டாம், மருத்துவரிடம் போய்விடுங்கள்.

4. காய்ப்பால்

பச்சைக் காயைக் கீறினால் பிசுபிசுப்பான மஞ்சள் பால் கசியும். படர்தாமரை, சொறி, பூச்சிக்கடி ஆகியவற்றுக்கு இதைத் தடவுவார்கள். முதலில் முழங்கையின் உள்பக்கம் ஒரு பொட்டு வைத்து, ஒரு நாள் பாருங்கள். அரிப்போ எரிச்சலோ இல்லையென்றால் மட்டும் தடவுங்கள். கண்ணருகிலும் வாய் பிளந்த புண்ணிலும் கூடவே கூடாது. துணியில் பட்டால் கறை போகாது.

5. உள்ளுக்கு மட்டும் நீங்களாக வேண்டாம்

பட்டைக் கஷாயம், விதைப் பொடி என்று பலர் சொல்வார்கள். பூவரசு பருத்தியின் குடும்பத்தைச் சேர்ந்தது. பருத்தி விதையில் உள்ள காசிபால் இதிலும் உண்டு, ஆண்களின் விந்தணுவைக் குறைக்கக்கூடிய பொருள் அது. தகுதியுள்ள சித்த மருத்துவர் அளவு சொல்லிக் கொடுத்தால் தவிர குடிக்காதீர்கள்.

இலையில் மாவைத் தட்டி, பூரணம் வைத்து மடித்து, ஆவியில் வேகவைக்கும் கொழுக்கட்டைக்கு இந்தப் பயம் வேண்டாம். வெந்ததும் இலையை உரித்துவிட்டு, அந்த வாசனையோடு சூடாகச் சாப்பிடுங்கள்.