நிதித்துறையிலிருந்து வணிக வழக்குக்கு: கணக்குத் தெரிந்த வக்கீல்கள் சறுக்கும் இடங்கள்

நிதித்துறையில் வேலை பார்த்துவிட்டு வணிக வழக்குகளுக்கு வரும் வக்கீலுக்கு நல்ல மதிப்பு உண்டு. ஆனால் கோப்பு கைக்கு வந்ததுமே நஷ்டத்தைக் கணக்குப் போட உட்கார்ந்துவிடும் பழக்கமும் கூடவே வருகிறது. முதலில் ஒப்பந்தத்தைப் படியுங்கள். 'லாப இழப்புக்குப் பொறுப்பில்லை' என்றொரு ஷரத்து செல்லுபடியாகும் நிலையில் இருந்தால், அந்த லாபத்துக்குப் போட்ட கணக்கெல்லாம் வீண். பொறுப்புக்கு உச்சவரம்பு உண்டா, வழக்குப் போடும் காலவரம்பு தாண்டிவிட்டதா என்பதையும் அப்போதே பாருங்கள்.

நஷ்டம் உண்மை என்பதாலேயே அது கிடைத்துவிடாது. ஆங்கிலேயப் பொதுச் சட்ட மரபில் இதற்கு அடிப்படை, 1854-இல் வந்த ஹாட்லி எதிர் பாக்ஸென்டேல் தீர்ப்பு. உடைந்த இயந்திரத் தண்டைக் கொண்டுசேர்க்கத் தாமதமானதால், ஏற்கெனவே நின்றிருந்த ஆலை மேலும் சில நாள் நின்றது. ஆனாலும் இழந்த லாபத்தைக் கேட்க முடியவில்லை. மீறலிலிருந்து இயல்பாக விளையும் நஷ்டமாகவோ, ஒப்பந்தம் போடும்போதே இரு தரப்பும் எதிர்பார்த்திருக்கக்கூடியதாகவோ இருக்க வேண்டும் என்பதே அதன் விதி.

அதிகத் தவறுகள் நடப்பது கணக்கில்தான். வராமல் போன விற்பனை 100 என்று வையுங்கள். விற்பனை நடக்காததால் மூலப்பொருள், கமிஷன் என்று செய்யாமல் மிச்சமான செலவு 60. எப்படியும் கட்டியாக வேண்டிய வாடகை 15. கேட்க வேண்டியது 40. விற்பனைத் தொகை முழுவதையும் கேட்பவர் எதிர்த்தரப்பிடம் சிக்குவார். கணக்காளர் பழக்கத்தில் வாடகையையும் கழித்து 25 கேட்பவரோ தன் கட்சிக்காரருக்கே நஷ்டம் வைக்கிறார். இரண்டாவது தவறு வெளியே தெரியாது என்பதால் அதுதான் மோசமானது.

எதிர்கால லாபத்தை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவரும்போது, ஆண்டு இறுதிதோறும் 100 என 5 ஆண்டு வரும் தொகைக்கு 10 சதவீதத் தள்ளுபடி விகிதத்தில் 379, 15 சதவீதத்தில் 335 வரும். விகிதத்துக்குக் காரணம் சொல்ல முடியாவிட்டால் குறுக்கு விசாரணை அங்கேயே தொடங்கும். ஆபத்துக்காக லாபத்தையும் குறைத்து, அதே ஆபத்துக்காக விகிதத்தையும் ஏற்றினால் இரட்டைக் கழிவு. பணவீக்கம் சேர்ந்த தொகைக்குப் பணவீக்கம் நீக்கிய விகிதம் போட்டால் கோரிக்கை ஊதிப்போகும். ஒரு தொழிலின் முழு மதிப்பையும் அதன் எதிர்கால லாபத்தையும் சேர்த்துக் கேட்பது ஒரே நஷ்டத்தை இரண்டு முறை கேட்பதாகும்.

எக்செல் ஷீட்டை நீங்களே தயாரித்து நிபுணரிடம் கையெழுத்து மட்டும் வாங்காதீர்கள். அவர் சாட்சிக் கூண்டில் ஏறும்போது ஒவ்வொரு எண்ணுக்கும் அவரே பதில் சொல்ல வேண்டும். கை உங்களுடையது என்று தெரிந்தால் அறிக்கையின் நம்பகத்தன்மை போய்விடும். ஆவணங்களையும் அனுமானங்களையும் எழுத்தில் கொடுங்கள், கணக்கை அவர் போடட்டும். அது வந்தபின் ஒவ்வொரு அனுமானத்தையும் மாற்றிப் பார்த்து எது சரிந்தால் தொகை சரிகிறது என்று கண்டுபிடியுங்கள். உங்கள் நிதி அறிவு முழுப் பலன் தருவது இந்த வேலையில்தான்.

பழைய நிறுவனம் தொடர்பான வழக்கு வந்தால், கோப்பைத் திறக்கும் முன்பே நலன் முரண்பாட்டைச் சரிபாருங்கள். அங்கே அறிந்த ரகசியத் தகவல் எதையும் வழக்கில் பயன்படுத்தக் கூடாது.