மடிப்புக்குள் போன மாமன்: கேன்வாஸ் படத்தேர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஈரோட்டில் பல ஆண்டுகளாகக் கேன்வாஸ் அச்சுத் தொழில் செய்து வருகிறேன். அண்மையில் தொழில் பழக வந்த இரண்டு இளைஞர்கள், தொடக்கத்தில் நான் செய்து பணத்தை இழந்த அதே பிழைகளைக் கிட்டத்தட்ட அதே வரிசையில் செய்வதைப் பார்த்தபோதுதான் இதை எழுதத் தோன்றியது. கை நடுங்கி எடுத்த படமும், வாட்ஸ்அப்பில் நாலு பேரிடம் சுற்றி வந்து சுருங்கிய படமும் பெரிய கேன்வாஸுக்கு ஆகா என்பது எல்லாருக்கும் தெரிந்ததே, அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஓரத்தில் ஆள் நிற்கும் படம்

கேன்வாஸ் என்பது கண்ணாடிச் சட்டத்துக்குள் தட்டையாக வைக்கும் தாள் அன்று. துணியை மரச்சட்டத்தின் மேல் இழுத்து, பக்கவாட்டில் மடித்து, பின்புறம் ஸ்டேப்பிள் அடிக்கிறோம். சட்டத்தின் கனம் 1.5 அங்குலம் என்றால், நான்கு பக்கமும் அந்த அளவுக்குப் படம் பக்கவாட்டுக்குப் போய்விடும். 36-க்கு 24 அங்குலத்தில் அச்சிட்ட படத்தில் முகப்பில் தெரிவது 33-க்கு 21 மட்டுமே. ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கண்ணுக்கு நேரே இருக்காது. பின்புறம் மடிப்பதற்கான வெற்றுத் துணி இதற்கு மேல் தனி.

இந்தக் கணக்கு எனக்குத் தெரிந்தே இருந்தது, ஆனாலும் தவறினேன் என்பதுதான் இன்றுவரை எரிச்சலூட்டுகிறது. காங்கேயத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் தம் மகளின் திருமணக் குழுப்படத்தைக் கொண்டுவந்தார். மணமேடையில் பதினான்கு பேர் நெருங்கி நிற்க, இடக்கோடியில் நின்றவர் பெண்ணின் தாய்மாமன். எங்கள் பக்கத்துச் சீர்களில் தாய்மாமனுக்கு உள்ள இடத்தைச் சொல்ல வேண்டியதில்லை. படம் பளிச்சென்று தெளிவாக இருந்ததால், நான் முகங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேனே தவிர ஓரத்தைப் பார்க்கவில்லை. சட்டத்தில் ஏற்றியபோது அவருடைய தோளும் பாதி முகமும் பக்கவாட்டுக்குத் திரும்பிவிட்டன. வந்தவர் சத்தம் போடவில்லை. “ஏனுங்க, எல்லாத்தையும் நிக்க வெச்சுப்போட்டு எங்க மச்சானை மட்டும் மடிச்சு வெச்சுட்டீங்களே” என்றார்.

இரண்டாம் முறை, படத்தின் ஓரத்தைக் கண்ணாடிப் பிம்பம்போலத் திருப்பி நீட்டி அச்சிட்டேன். ஓரத்தில் வானமோ வயலோ இருந்தால் எடுபடும் அந்த உத்தி, ஆள் நிற்கும் இடத்தில் எடுபடாது. பக்கத்திலிருந்து பார்த்தால் மாமனுக்கு இரண்டு முழங்கைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. கடைசியில் படம் எடுத்தவரிடமே கேட்டபோது, ஆல்பத்துக்காக வெட்டப்பட்ட கோப்பைத்தான் வாடிக்கையாளர் கொண்டுவந்திருந்தார் என்பதும், வெட்டாத மூலப்படத்தில் மாமனுக்கு அப்பால் ஒரு முழம் மேடை காலியாக இருந்தது என்பதும் தெரியவந்தன. மூன்று முறை துணி, மூன்று முறை மை, கூலி மட்டும் ஒன்று.

ஆகவே, படத்தை ஒப்புக்கொள்வதற்கு முன்பே திரையில் மடிப்புக்கோட்டை வரைந்து பாருங்கள். தலை, கை, கால் எல்லாம் அந்தக் கோட்டிலிருந்து இரண்டு அங்குலமாவது உள்ளே இருக்க வேண்டும். கோட்டை ஒட்டியே தூணோ கதவுநிலையோ நேராக ஓடினாலும் தொல்லைதான், ஏனெனில் இழுக்கும்போது துணி சற்றே கோணினாலும் அந்த நேர்கோடு காட்டிக்கொடுத்துவிடும். இடம் போதவில்லை என்றால் வெட்டாத கோப்பைக் கேளுங்கள். அது கிடைக்காவிட்டால் முழுப்படத்தையும் முகப்பில் நிறுத்திப் பக்கவாட்டுக்கு ஒற்றை வண்ணம் கொடுங்கள். அதுவும் வாடிக்கையாளருக்குப் பிடிக்கவில்லையா, தாளில் அச்சிட்டுக் கண்ணாடி போட்டுக்கொள்ளச் சொல்லி அனுப்புங்கள்.

திரையின் வெளிச்சத்தை நம்புவது

திரை தானே ஒளிர்கிறது. துணி தன் மேல் விழும் ஒளியைத்தான் திருப்பித் தருகிறது. பொழுது சாய்ந்த பிறகு பவானிசாகர் அணைக்கரையில் எடுத்த படம் கைப்பேசியில் எவ்வளவு எடுப்பாக இருந்தாலும், மினுக்கமில்லாத பருத்திக் கேன்வாஸில் கறுப்பின் ஆழம் குறைந்து, தலைமுடியும் போட்டிருக்கும் கறுப்புக் கோட்டும் ஒரே திட்டாகிவிடும். திரையின் வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்த பின்பும் கோட்டின் மடிப்புகள் தெரிந்தால் எடுத்துக்கொள்ளலாம். ஐயம் இருந்தால் இருண்ட பகுதியை மட்டும் ஆறு அங்குலத் துண்டில் அச்சிட்டுப் பாருங்கள்.

சிறு எழுத்து உள்ள படம்

நெசவுப் புடைப்பு விழுங்கிவிடும்.

மழுப்பிய முகம்

கைப்பேசி மெருகேற்றிய கன்னம், பெரிதாக்கினால் மெழுகு.

300 பிக்சல் என்ற பிடிவாதம்

இது நல்ல படத்தைத் தள்ளிவிடும் தவறு. அங்குலத்துக்கு 300 பிக்சல் என்பது கையில் பிடித்துப் பார்க்கும் அச்சுக்கான கணக்கு. கூடத்துச் சுவரில் ஆறடி தள்ளி நின்று பார்க்கும் கேன்வாஸுக்கு, படம் கூர்மையாக இருந்தால், 100 முதல் 150 போதும். சென்ற மாதம் 3600-க்கு 2400 பிக்சலில் இருந்த ஒரு காங்கேயம் காளைப் படத்தை, 36 அங்குலத்துக்குப் பற்றாது என்று பழகுநர் திருப்பி அனுப்பிவிட்டார். திமிலில் கருமை படர்ந்த அந்தச் சாம்பல் நிற மயிலைக் காளையின் சொரசொரப்பான தோலும் புழுதியும் கேன்வாஸுக்கென்றே அமைந்தவை. உரியவரை நானே தொலைபேசியில் அழைத்துப் படத்தை மறுபடி வரவழைத்து அச்சிட்டேன்.